பிறையா, வட்டமா? டோகாமாக்கின் எக்ஸ் கதிர்ப் படிமங்கள் எதற்குச் சாட்சி

1. கேள்வி

காந்தப்புலத்தில் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் டோகாமாக் கருவிகளின் உட்புறத்தைக் காட்டும் வண்ணப்படங்கள் ஒரு விதத்தில் ஏமாற்றம் தருபவை. வளைய வடிவக் கலத்தின் அடிப்பகுதியிலும் ஓரங்களிலும் இளஞ்சிவப்பு ஒளி படர்ந்திருக்கும். நடுவிலோ ஒன்றும் இராது. பின்சுவரின் ஓடுகள்கூடத் தெளிவாகத் தெரியும். அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் பிளாஸ்மா மிகச் சூடாக இருக்கிறது. எலெக்ட்ரானை இழந்துவிட்ட ஹைட்ரஜன் அணுவால் கண்ணுக்குப் புலப்படும் நிறமாலைக் கோடுகளை உமிழ முடியாது. ஆகவே சாதாரணக் கேமராவில் பதிவாவது குளிர்ந்த ஓரம் மட்டுமே. பல கோடி கெல்வின் வெப்பநிலையில் இருக்கும் நடுப்பகுதி ஒளிர்வது பெரிதும் எக்ஸ் கதிர்களில்தான்.

அணுக்கரு இணைவு ஆய்வில் எக்ஸ் கதிர்ப் படிமங்கள் பெற்ற முதன்மைக்கு இதுவே காரணம். நடுப்பகுதியில் நடப்பதைப் படமாகப் பார்க்க 1970களிலும் 80களிலும் வேறு வழிகள் அதிகம் இல்லை. அந்தப் படங்களை வைத்துக் கோட்பாடுகள் நிறுவப்பட்டன, சில கைவிடப்பட்டன. இக்கட்டுரை எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: அப்படங்களில் எந்த அளவு அளவீடு, எந்த அளவு அனுமானம்? பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு வழக்கை எடுத்துக்கொள்வது நல்லது. ரம்பப்பல் அலைவு என்று அழைக்கப்படும் நிகழ்வைப் பற்றி இங்கிலாந்தின் கல்லமில் இயங்கிய ஜெட் டோகாமாக்கை மையமாகக் கொண்டு நடந்த விவாதமே அந்த வழக்கு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே, எப்போது, எவ்வளவு வேகமாக மாற்றம் நிகழ்ந்தது என்பதற்கு எக்ஸ் கதிர் சிறந்த சாட்சி. ஏன் நிகழ்ந்தது என்பதற்கு அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியபோது, அது தான் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னது.

2. பிரகாசம் என்பது எதன் அளவு

மருத்துவமனை எக்ஸ் கதிருக்கும் பிளாஸ்மாவின் எக்ஸ் கதிருக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவமனையில் கதிர் வெளியிலிருந்து உடலை ஊடுருவிச் செல்கிறது. டோகாமாக்கில் பிளாஸ்மாவே கதிரை உமிழ்கிறது. அயனிகளுக்கு அருகே செல்லும் எலெக்ட்ரான்கள் பாதை வளையும்போது ஆற்றலை இழந்து எக்ஸ் கதிராக வெளியிடுகின்றன. அயனி எலெக்ட்ரானைக் கவர்ந்துகொள்ளும்போதும், மாசு அணுக்களில் எஞ்சியுள்ள எலெக்ட்ரான்கள் நிலை மாறும்போதும் கதிர் வெளிப்படுகிறது.

இந்த உமிழ்வு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்து வளர்கிறது. வெப்பநிலை கூடினாலும் கூடுகிறது. உணரிகளுக்கு முன்னால் வைக்கப்படும் மெல்லிய பெரிலியத் தகடு குறைந்த ஆற்றல் கதிர்களைத் தடுத்துவிடுவதால் வெப்பநிலைச் சார்பு இன்னும் கூர்மையாகிறது. இவற்றோடு மாசு அணுக்களின் அளவும் சேர்கிறது. மின்னூட்டம் மிகுந்த கன அணுக்கள் மிகச் சிறிதளவே கலந்திருந்தாலும் ஹைட்ரஜனைவிடப் பன்மடங்கு ஒளிர்பவை. ஆக, படத்தில் ஓரிடம் பளிச்சென்று இருந்தால் அது சூடான இடமாக இருக்கலாம், அடர்ந்த இடமாக இருக்கலாம், அழுக்கு சேர்ந்த இடமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சிக்கல் வடிவியல் சார்ந்தது. இந்தக் கதிர்களுக்குப் பிளாஸ்மா முழுக்கவும் ஒளிபுகும் பொருள். எனவே ஊசித்துளைக்கு அல்லது குறுகிய பிளவுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு சிலிக்கான் உணரியும் தன் பார்வைக்கோட்டின் நெடுகிலும் உமிழப்பட்ட கதிரின் மொத்தத்தையே பதிவு செய்கிறது. மளிகைக் கடைச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருந்து பொருள்வாரி விலை இல்லாதது போன்ற நிலை இது. ஒரே பொருள்கள் வெவ்வேறு சேர்க்கையில் இடம்பெறும் சீட்டுகள் போதுமான எண்ணிக்கையில் கிடைத்தால் தனித்தனி விலையைக் கணக்கிட்டுவிடலாம். யோகான் ராடோன் 1917இல் நிறுவிய கணிதம் இதற்கு அடிப்படை. அதையறியாமலேயே 1963இல் தனியாகத் தீர்வு கண்டவர் ஆலன் கோர்மாக். சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுடன் அவர் 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஸ்கேன் அறையில் கருவி நோயாளியைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான கோணங்களில் அளக்கிறது. நோயாளியும் அசையாமல் படுத்திருக்கிறார். டோகாமாக்கில் காந்தச் சுருள்களுக்கு இடையே கிடைக்கும் சில துளைகளில்தான் கேமராவை வைக்க முடியும். பிளாஸ்மாவோ மைக்ரோ வினாடிகளில் மாறுவது. 1980களில் ஜெட்டில் இந்தப் பணிக்கு இருந்தவை இரண்டே கேமராக்கள்: ஒன்று மேலிருந்து பார்ப்பது, மற்றது பக்கவாட்டிலிருந்து. இரண்டிலுமாக 100 உணரிகள். ஒப்பீட்டுக்குச் சொன்னால், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள டி.சி.வி. டோகாமாக்கில் பின்னர் 10 கேமராக்களில் 200 பார்வைக்கோடுகள் அமைந்தன. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் இருக்கும் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவிக்கு 20 கேமராக்களில் 360.

இரண்டு கேமராக்களின் எண்களுக்குப் பொருந்தும் படம் ஒன்றல்ல, கணக்கற்றவை உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வெளியிலிருந்து ஒரு நிபந்தனையைச் சேர்த்தாக வேண்டும். படம் வழவழப்பாக இருக்க வேண்டும், கோணத்திசையில் சில எளிய அலைவடிவங்கள் மட்டுமே இருக்க வேண்டும், பிளாஸ்மா திடப்பொருள்போல் ஒரே வடிவில் சுழல்கிறது என்று கொள்ள வேண்டும் என்பவை போன்ற நிபந்தனைகள். வெளியாகும் வண்ணப்படத்தில் இந்த நிபந்தனை ஒரு பங்காளி. ஆனால் படத்தின் அடிக்குறிப்பில் அதன் பெயர் அபூர்வமாகத்தான் வரும்.

3. ரம்பப்பல்: 1974

பிரின்ஸ்டனில் இயங்கிய எஸ்.டி. டோகாமாக் முதலில் ஸ்டெல்லரேட்டர் என்ற வேறு வகைக் கருவியாக இருந்து, சோவியத் டி-3 கருவியின் வெற்றிக்குப் பின் 1970இல் டோகாமாக்காக மாற்றப்பட்டது. அதில் ஃபோன் கேலர், ஸ்டோடிக், சாத்தஃப் ஆகிய மூவரும் மென் எக்ஸ் கதிர் உணரிகளைப் பொருத்தி 1974இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நடுவழியே செல்லும் பார்வைக்கோட்டில் கதிரின் அளவு மெல்ல ஏறி, திடீரென்று விழுந்து, மறுபடி மெல்ல ஏறியது. வரைபடத்தில் அது ரம்பத்தின் பல்வரிசை. வெளிப்பகுதி வழியே செல்லும் கோடுகளில் இதற்கு நேர் எதிர்: திடீர் ஏற்றம், மெதுவான இறக்கம். இரண்டுக்கும் இடையே ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஓர் ஆரம் இருந்தது.

இங்கே பார்வைக்கோட்டு மொத்தங்களிலிருந்து படத்தைக் கணக்கிடும் டோமோகிராபி எதுவும் தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மூலக் குறிகைகளே போதுமானவையாக இருந்தன. நடுவிலிருந்த வெப்பம் சட்டென்று வெளியே கொட்டப்படுகிறது. குறிப்பிட்ட ஓர் ஆரத்துக்குள் இருப்பதே கொட்டப்படுகிறது. கொட்டுவதற்குச் சற்றுமுன் ஒரு சுழலும் அதிர்வு தோன்றுகிறது. இம்மூன்றும் அன்றிலிருந்து இன்றுவரை யாராலும் மறுக்கப்படவில்லை. ரம்பப்பல் பின்னர் ஏறத்தாழ எல்லா டோகாமாக்குகளிலும் காணப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1975இல், மாஸ்கோ குர்ச்சதோவ் நிறுவனத்தின் போரிஸ் கதோம்ட்சேவ் விளக்கம் தந்தார். டோகாமாக்கில் காந்தப்புலக் கோடுகள் வளையத்தைச் சுற்றியும் வெட்டுமுகத்தைச் சுற்றியும் திருகிச் செல்கின்றன. வெட்டுமுகத்தை ஒருமுறை சுற்றுவதற்குள் வளையத்தை எத்தனை முறை சுற்றுகின்றன என்ற எண்ணை 'க்யூ' என்பார்கள். நடுவில் மின்னோட்டம் செறிந்து க்யூ 1க்குக் கீழே போனால் நிலையின்மை தோன்றுகிறது. சூடான வட்ட மையம் ஒருபுறமாகத் தள்ளப்படுகிறது. க்யூ 1 ஆக இருக்கும் பரப்பில் புலக்கோடுகள் அறுந்து வேறுவிதமாக இணைகின்றன. மறுபுறத்தில் பிறை வடிவில் குளிர்ந்த பகுதி வளர்ந்து மையத்தை விழுங்குகிறது. முடிவில் மையத்தின் க்யூ மீண்டும் 1 ஆகிறது. அழகும் முழுமையும் உள்ள கோட்பாடு. அன்றைய சிறிய கருவிகளின் அளவீடுகளோடு கால அளவும் பொருந்திவந்தது.

4. ஜெட்டின் பிறை

1983இல் இயங்கத் தொடங்கிய ஜெட் அளவில் பெரியது, வெப்பநிலையும் கூடியது. சூடான பிளாஸ்மாவின் மின்தடை குறைவு. தடை குறைந்தால் புலக்கோடுகள் அறுந்து இணைவது மெதுவாக நடக்க வேண்டும். கதோம்ட்சேவின் கணக்குப்படி ஜெட்டில் சரிவுக்குப் பல மில்லி வினாடிகள் ஆகியிருக்க வேண்டும். எட்வர்ட்ஸும் குழுவினரும் 1986இல் வெளியிட்ட எக்ஸ் கதிர் அளவீட்டில் சரிவு சுமார் 100 மைக்ரோ வினாடிகளிலேயே முடிந்துவிட்டது. இந்த வேகமும் எந்தப் படிம மறுகட்டமைப்பையும் சாராதது. கதோம்ட்சேவ் மாதிரிக்கு விழுந்த உண்மையான அடி இதுவே.

பொதுநினைவில் தங்கியதோ படம். டோமோகிராபிப் படங்களில் குளிர்ந்த குமிழ் ஒன்று நடுவுக்குள் நுழைய, சூடான பகுதி அதைச் சுற்றிப் பிறையாகச் சுருண்டிருந்தது. கதோம்ட்சேவ் சொன்னதற்கு நேர்மாறான வடிவம். அவருடைய மாதிரியில் சூடானது வட்டம், குளிர்ந்தது பிறை. அதே ஆண்டில் ஜெட்டின் ஜான் வெஸன் முன்வைத்த மாதிரிக்கு இந்தப் படம் அச்சாகப் பொருந்தியது. மையம் முழுவதும் க்யூ 1ஐ மிக நெருக்கமாக ஒட்டி இருந்தால் புலக்கோடுகள் அறுபடவே தேவையில்லை, பிளாஸ்மா விரைவாக இடம்மாறிக் கலந்துவிடலாம் என்பது அவர் வாதம்.

இப்போது அந்தப் படத்தைச் சற்று நிதானமாகக் கேள்வி கேட்போம். இரண்டு கேமராக்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பார்க்கும்போது கோணத்திசையில் கிடைக்கும் விவரம் மிகக் குறைவு. சுழலும் அதிர்வை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், பிளாஸ்மாவே சுழன்று பல கோணங்களைக் காட்டிவிடும் என்று வைத்துக் கணக்கிடலாம். அதற்கு வடிவம் மாறாமல் சுழல வேண்டும். சரிவின் 100 மைக்ரோ வினாடிகளில் வடிவம் மாறுவதுதான் நிகழ்வே. ஆகவே மிக முக்கியமான அந்தக் கணத்தில் சுழற்சியின் உதவி கிடைக்காது. இரண்டு பார்வைகளும், எளிய அலைவடிவங்கள் மட்டுமே அனுமதிக்கப்படும் என்ற நிபந்தனையுமே மிஞ்சுகின்றன. பிறைக்கும், ஒருபுறம் ஒதுங்கிய நீள்வட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு அந்த அலைவடிவங்களில் அடுத்த நிலை விவரத்தில்தான் இருக்கிறது.

ஜெட் குழுவினர் இதை அறியாதவர்கள் அல்லர். மைக்ரோ அலை உமிழ்வின் வழியே அளந்த எலெக்ட்ரான் வெப்பநிலையோடும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படம் பொய் என்பது என் வாதமன்று. பிறை உண்மையாகவே இருந்திருக்கலாம். பிற கருவிகளில் வட்டம் சுருங்குவதும் உண்மையாகவே இருந்திருக்கலாம். பிறையைக் கண்டதும் க்யூ 1ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்று முடிவு கட்டியதே தாவல். எக்ஸ் கதிர் காந்தப்புலத்தைப் பார்ப்பதில்லை.

5. காந்தப்புலத்தின் மறுப்பு

அடுத்த சில ஆண்டுகளில் காந்தப்புலத்தை நேராக அளக்கும் முறைகள் முதிர்ந்தன. ஜெர்மனியின் யூலிஷ் நகரிலிருந்த டெக்ஸ்டார் டோகாமாக்கில், பிளாஸ்மா வழியே செல்லும் அகச்சிவப்புக் கற்றையின் முனைவாக்கத் தளம் எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்து சோல்ட்விஷ் க்யூவைக் கணக்கிட்டார். மையத்தில் அது 0.7 – 0.8 அளவில் இருந்தது. சரிவுக்குப் பிறகும் 1க்குத் திரும்பவில்லை. பிரின்ஸ்டனின் டி.எஃப்.டி.ஆர். கருவியிலும் ஜெட்டிலுமே 1க்குக் குறைந்த மதிப்புகள் கிடைத்தன.

இது இரு தரப்பையும் ஒருசேரச் சாய்த்தது. புலக்கோடுகள் முழுமையாக மறுஇணைந்திருந்தால் க்யூ 1க்கு வந்திருக்க வேண்டும்; வரவில்லை, எனவே கதோம்ட்சேவ் மாதிரி முழுமையாகச் சரியல்ல. மையம் முழுக்க க்யூ 1ஐ ஒட்டியும் இல்லை, எனவே வெஸன் மாதிரியின் முன்நிபந்தனையே இல்லை. அமெரிக்காவின் டி-மூன்று-டி கருவியில் சரிவுக்குப் பின் 1ஐ ஒட்டிய மதிப்புகளும் பதிவாகி, நிலைமையை மேலும் சிக்கலாக்கின.

வெப்பம் முழுவதும் வெளியேறிவிட, காந்தப்புலம் ஏறத்தாழ அப்படியே இருப்பது எப்படி? புலக்கோடுகள் ஓரளவு மட்டுமே மறுஇணைந்து நடுவில் நின்றுவிடலாம். சில பகுதிகளில் அவை ஒழுங்கிழந்து பின்னிக்கொண்டு வெப்பத்துக்குக் குறுக்குவழி திறந்துவிடலாம். எலெக்ட்ரான்கள் கோடுகளின் நெடுகே மிக வேகமாக ஓடுபவை. சிறிய கசிவுப்பாதை கிடைத்தாலே போதும். இந்த வகை விளக்கங்களில் எதை எடுத்துக்கொண்டாலும் எக்ஸ் கதிர் உணரியில் பதிவாவது ஏறத்தாழ ஒன்றே: நடு இறங்கும், வெளி ஏறும். 1974இன் குறிகைகள் எல்லாக் கோட்பாடுகளோடும் ஒத்துப்போவதற்கும், அவற்றால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் போவதற்கும் காரணம் இதுதான்.

2006இல் ஹியோன் பார்க் குழுவினர் டெக்ஸ்டாரில் மைக்ரோ அலைப் படிமக் கருவி கொண்டு வெட்டுமுகத்தின் வெப்பநிலையை இரு பரிமாணத்தில் எடுத்தனர். மைக்ரோ அலையின் அதிர்வெண்ணே அது எந்தக் காந்தப்புல வலிமை உள்ள இடத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவதால், இம்முறைக்குப் பார்வைக்கோட்டு மொத்தத்தைப் பிரிக்கும் கணக்கு தேவையில்லை. குறுகிய ஒரு திறப்பின் வழியே வெப்பம் வெளியேறுவதை அவர்கள் கண்டனர். அத்திறப்பு வளையத்தின் உட்பக்கத்திலும் நிகழக்கூடும் என்பது சில மாதிரிகளின் எதிர்பார்ப்புக்கு மாறானது. வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. ஆனால் விவாதத்தின் களம் பிறையா வட்டமா என்பதிலிருந்து நகர்ந்துவிட்டது.

6. ஒரே தோற்றம், வேறு காரணம்

ஜெட்டின் எக்ஸ் கதிர்ப் பதிவுகள் தந்த இன்னொரு கண்டுபிடிப்பு 'பாம்பு'. உறைந்த டியூட்டீரியக் குண்டுகளைப் பிளாஸ்மாவுக்குள் செலுத்தியபோது, க்யூ 1 ஆக இருக்கும் பரப்பில் ஒரு சிறிய பகுதி தனித்து ஒளிர்ந்து சுழன்றது. காலத்தோடு வரைந்தால் நெளிந்து போகும் பாம்பின் தோற்றம். 1987இல் வெல்லர் முதலானோர் இதை வெளியிட்டனர். பல ரம்பப்பல் சரிவுகளையும் தாண்டி அது நீடித்தது. அங்கே அடர்த்தி கூடியிருந்ததே பிரகாசத்துக்குக் காரணம் என்று கொள்ளப்பட்டது. மாசாசூசெட்ஸின் அல்காட்டர் சி-மாட் கருவியில் டெல்காடோ அபரிசியோ குழுவினர் 2013இல் ஆராய்ந்த பாம்போ குண்டு எதுவும் செலுத்தாமலே தோன்றியது. சுவரிலிருந்து வந்த மாலிப்டினம் திரண்டதால் உருவானது. அதே நெளிவு, அதே இடம். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நிறமாலை அளவீடும் பெரிலியத் தகட்டின் தடிமனை மாற்றி எடுத்த பதிவுகளும் வேண்டியிருந்தன.

2011இல் ஜெட்டின் உட்சுவர் கார்பனிலிருந்து பெரிலியத்துக்கும் டங்ஸ்டனுக்கும் மாற்றப்பட்டபின் எக்ஸ் கதிர்ப் படத்தின் பொருளே மாறியது. டங்ஸ்டன் அணு பல கோடி டிகிரியிலும் தன் எலெக்ட்ரான்கள் அனைத்தையும் இழப்பதில்லை; எஞ்சியவை கடுமையாக ஒளிர்கின்றன. லட்சத்தில் சில அணுக்கள் கலந்தாலே மையம் குளிர்ந்துவிடும். வேகமாகச் சுழலும் பிளாஸ்மாவில் கனமான டங்ஸ்டன் மையவிலக்கு விசையால் வெளிப்புறம் ஒதுங்குவதால், படத்தில் வெளிப்பக்கம் ஒரு பிரகாசமான பட்டை தெரியும். அதை வெப்பத்தின் படமாகப் படிப்பவர் முற்றிலும் தவறிவிடுவார். அது மாசின் படம். பழைய வில்லனான ரம்பப்பல் இங்கே துணையாகவும் மாறுகிறது, மையத்தில் சேரும் டங்ஸ்டனை வெளியேற்றுவதால்.

லேசர் வழி இணைவிலும் இதே தலைகீழ் நிலை உண்டு. கலிபோர்னியாவின் லிவர்மோரில் உள்ள தேசிய எரியூட்டு மையத்தில், அழுத்தப்பட்ட எரிபொருளின் எக்ஸ் கதிர் ஒளிர்வு நியூட்ரான் எண்ணிக்கையோடு ஒப்பிட அதிகமாக இருந்ததைக் கொண்டு, வெளி உறையின் பொருள் எரிபொருளுக்குள் கலந்திருப்பதை 2013இல் கணித்தார்கள். கூடுதல் வெளிச்சம் அங்கே தோல்வியின் அடையாளம். வெளிச்சத்தை இன்னொரு அளவீட்டோடு வகுத்துப் பார்த்ததனால்தான் அது புரிந்தது.

7. வட்டமடிக்கும் நிபந்தனைகள்

கேமராக்கள் கூடினால் சிக்கல் குறையும், மறையாது. டி.சி.வி.யில் 1996இல் அறிமுகமான சிறும ஃபிஷர் தகவல் முறை, ஒளி குறைந்த இடங்களில் படத்தைக் கூடுதலாக வழவழப்பாக்கியும் ஒளிர்ந்த இடங்களில் விவரத்தை விட்டுவைத்தும் நல்ல பலன் தந்தது. இன்று பல கருவிகளில் புழங்குகிறது. இதோடு இன்னொரு நிபந்தனையும் வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது: புலக்கோடுகள் படிந்திருக்கும் காந்தப் பரப்புகளின் நெடுகே உமிழ்வு மெதுவாகவே மாறும், குறுக்கே வேகமாக மாறலாம் என்பது. நியாயமான நிபந்தனைதான். ஆனால் அந்தப் பரப்புகள் எங்கே இருக்கின்றன என்பதே இன்னொரு கணிப்பிலிருந்து வருகிறது. இப்படி உருவான படத்தைக் காட்டி, காந்தப் பரப்புகள் சரியாகவே கணிக்கப்பட்டுள்ளன என்று யாரேனும் சொன்னால், போட்டதையே எடுத்துக்காட்டுகிறார் என்று பொருள்.

பழைய மறுகட்டமைப்புப் படங்களைக் கொண்டு பயிற்சி பெறும் நரம்பு வலையமைப்புகள் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். கணக்கை அவை மில்லி வினாடிகளில் முடித்துவிடுகின்றன, கட்டுப்பாட்டு அறைக்கு அது பெரும் உதவி. பயிற்சிப் படங்களில் புதைந்திருந்த நிபந்தனைகளையும் சேர்த்தே கற்கின்றன. முன்பு ஒரு சமன்பாட்டில் வெளிப்படையாக எழுதியிருந்த அனுமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்ட முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட பேய்சிய முறைகளை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அவை ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஐயம் என்பதையும் சேர்த்தே தருகின்றன. அந்த ஐயத்தை அச்சிடும் கட்டுரைகள் குறைவு.

8. ஐட்டர் முன்வைக்கும் நிலைமை

தெற்குப் பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் டோகாமாக்கில் இந்த விவாதம் நடைமுறைக் கேள்வியாகிறது. இணைவில் பிறக்கும் ஆல்ஃபா துகள்கள் ரம்பப்பல்லை அடக்கி, சரிவுகளுக்கு இடையிலான காலத்தை நீட்டக்கூடும். ஜெட்டில் 1980களிலேயே இத்தகைய நீண்ட ரம்பப்பற்கள் காணப்பட்டன. நீண்டு வந்து விழும் சரிவு பெரிது, அது வேறு நிலையின்மைகளைத் தூண்டிவிட வல்லது. சரிவு எப்படி நிகழ்கிறது என்று தெரியாமல் அதைக் கட்டுப்படுத்துவது கடினம். மறுபுறம், சுவரின் பெரிலியத்தைக் கைவிட்டு டங்ஸ்டனுக்கு மாறும் முடிவு 2023இல் அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் மையத்தில் சேராமல் இருக்க அவ்வப்போது சரிவும் வேண்டும்.

அங்கே கேமரா வைப்பதோ இதுவரை இல்லாத அளவுக்குக் கடினம். டியூட்டீரியம் – டிரிட்டியம் வினையின் 14 மெகா எலெக்ட்ரான்வோல்ட் நியூட்ரான்கள் சிலிக்கான் உணரிகளைச் சிதைத்துவிடும். அவை தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும், அல்லது வாயு நிரப்பிய உணரிகள் போன்ற மாற்றுகள் வேண்டும். துளைகள் குறைவு, கோணங்களும் குறைவு. சீனா வழங்கும் ஆரத்திசை எக்ஸ் கதிர்க் கேமரா ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பது. ஆதித்யா டோகாமாக்கை 1989 முதல் இயக்கிவந்த காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் அனுபவத்தோடு இந்தியா வழங்குவது எக்ஸ் கதிர்ப் படிக நிறமாலைமானிகளை. படிகத்தில் சிதறும் கதிரின் அலைநீளம் எந்த மாசு, எத்தனை எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் என்று சொல்கிறது; கோட்டின் அகலம் அயனிகளின் வெப்பநிலையையும், அதன் நகர்வு சுழற்சி வேகத்தையும் தருகின்றன.

பிரகாசத்தில் ஒன்றாய்க் கலந்துகிடக்கும் அடர்த்தி, வெப்பம், மாசு ஆகியவற்றைப் பிரிக்க நிறமாலைமானி வேண்டும். புலம் மாறியதா என்பதற்கு முனைவாக்க அளவீடு வேண்டும். ஜெட்டில் இவை தனித்தனிக் குழுக்களின் கைகளில் இருந்து, படம் முதலிலும் புல அளவீடு சில ஆண்டுகள் கழித்தும் வந்தன. ஐட்டரின் தற்போதைய திட்டப்படி ஆய்வுப் பணி 2034இலும் டிரிட்டியம் எரிபொருள் 2039இலும் தொடங்க வேண்டும். அதற்குள் இம்மூன்று அளவீடுகளையும் ஒரே கணக்கில், தத்தம் பிழைகளோடு, சேர்த்துத் தீர்க்கும் முறைகளை இன்று இயங்கும் கருவிகளிலேயே சோதித்தாக வேண்டும். நியூட்ரான் பாய்ந்த பிறகு கூடுதலாக ஒரு கேமராவைப் பொருத்த யாரும் உள்ளே போக முடியாது.